நீல நூல் கட்டிய மாவு

ஜூன் 3, செவ்வாய்

ஓய்வூதியர் சங்கத்தில் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆக்னஸ் இன்று மாலை வீட்டுக்கே வந்து விவரம் சொன்னார். எங்கள் பகுதியில் உணவுப் பொருள் செய்யும் இடங்களை எல்லாம், ஆலை முதல் வீட்டு அடுப்படி வரை, இந்த மாதம் சோதிக்கப் போகிறார். கண்டதை எழுதிய பிறகு, அந்தத் தொழிலோடு சம்பந்தமில்லாத உள்ளூர்க்காரர் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கடைக்காரங்க முகத்துக்குப் பயந்து யாரும் வரமாட்டேங்காங்க சார். நீங்க அறிவியல் வாத்தியாரு. கிருமின்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்."

உண்மைதான். வாழ்நாளெல்லாம் கிருமியைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளைகளை நம்பவைக்க உதாரணம் வேண்டும். ஒரு பையனின் உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவி, பக்கத்துப் பையனோடு கைகுலுக்கச் சொல்வேன். அவன் அடுத்தவனோடு. கடைசிப் பெஞ்சுக்காரன் கையை விரித்துக் காட்டும்போது அதிலும் வெள்ளை இருக்கும். "இதாம்லே கிருமி" என்பேன். வகுப்பே கையைச் சட்டையில் துடைக்கும்.

என் மனைவி பகவதிக்கு இதில் இஷ்டமில்லை. "பாத்துட்டு வந்து சும்மா இருக்க மாட்டீங்க. ஒண்ணொண்ணா திங்க மாட்டேம்பீங்க. எனக்குத்தான் பாடு" என்றாள்.

மாரிச்செல்வம் தெரு வாய்க்கால் அள்ள வந்திருந்தான். நகராட்சித் தூய்மைப் பணியாளர்களில் அவன் ஒருவன்தான் அள்ளிய சகதியை அன்றே எடுத்துக்கொண்டு போகிறவன். மதில்மேல் கவிழ்த்து வைத்திருக்கும் தம்ளரில் பகவதி காப்பி ஊற்றினாள். அவனுக்கென்றே ஒரு தம்ளர் வைத்திருக்கிறோம். இந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் காப்பி கிடையாது என்று அவனே சொல்லியிருக்கிறான்.

ஜூன் 5, வியாழன்

முதல் இடம், கடலைமிட்டாய்க் கொட்டகை.

வெல்லப் பாகு கொதிக்கும் வாசனை தெருமுனையிலேயே வந்தது. எத்தனை நாள் அந்த வாசனைக்காகவே அந்த வழியாக நடந்திருக்கிறேன்! உள்ளே போன பிறகு அது வேறு வாசனை. பாகு கிண்டுகிறவருக்குச் சட்டை இல்லை. அவர் மேல் தப்பில்லை, அந்தச் சூட்டில் யாரும் சட்டை போட முடியாது. ஆனால் மோவாயிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது, கொப்பரைக்குள். ஒவ்வொரு சொட்டுக்கும் பாகு 'ச்ஸ்' என்றது. நான் கொப்பரையைப் பார்ப்பதா அவர் மோவாயைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

வறுத்த கடலைக் குவியலின்மேல் ஒரு பூனை படுத்திருந்தது. சூடு இதமாக இருக்கும் போல. ஆக்னஸ் விரட்டினார். அது சோம்பல் முறித்து, போகும்போது குவியலின் ஓரத்தில் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனது. பாகைப் பலகையில் கொட்டி உருளையால் தேய்க்கிறவரின் கட்டைவிரலில் துணிக்கட்டு. அதிலிருந்து மஞ்சளாக ஒன்று ஊறியிருந்தது. அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

முதலாளி என்னிடம் ஒரு மிட்டாய் நீட்டினார். "சூடா இருக்கு, சாப்பிடுங்க சார்."

"சர்க்கரை வியாதி" என்றேன். எனக்கு அது கிடையாது.

ஜூன் 6, வெள்ளி

மிக்சர் பட்டறை. எண்ணெய்ச் சட்டியில் எண்ணெய் இல்லை, தார் இருந்தது. ஓட்டல்களில் கழித்துப்போட்டதை வாங்கி வந்து ஊற்றுகிறார்கள். ஆக்னஸ் ஒரு கரண்டி மொண்டு தரையில் விட்டார். அது ஓடவில்லை, உட்கார்ந்துகொண்டது.

பட்டறைக்காரர் கொஞ்சமும் கூசவில்லை. "மேடம், புது எண்ணெய்ல போட்டா பச்சப்புள்ள மாதிரி ஒரு ருசியும் இருக்காது. இது நாலு ஊரு தண்ணி குடிச்ச எண்ணெய்."

கடலைமாவு மூட்டைகள் இருந்த அறைக்குள் ஒரு கதவு. அது எதற்கான கதவு என்று திறந்து பார்த்தேன். கக்கூஸ். தாழ்ப்பாள் இல்லை. கதவு தானாக மூடாமலிருக்க முட்டுக்கொடுத்திருந்தது ஒரு மாவு மூட்டை.

வீட்டில் இருந்த மிக்சர் டப்பாவை மாடியில் காக்கைக்குக் கொட்டினேன். காக்கை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"ஆரம்பிச்சாச்சா?" என்றாள் பகவதி.

ஜூன் 10, செவ்வாய்

பைபாஸ் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் மாவுக் கம்பெனி. இட்லி மாவு, தோசை மாவு, பாக்கெட்டில். முதலாளி தனபாலன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஏசி அறை. பீங்கான் கோப்பையில் காப்பி. நன்றாக இருந்தது, குடித்தேன். நாங்கள் வருவது முன்னாடியே தெரிந்திருக்கிறது. வேலை செய்கிறவர்கள் எல்லோர் தலையிலும் புதுத் தொப்பி. ஒருவர் தொப்பியில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் கையுறை போட்டிருந்தார்கள். அதில் ஓர் இளைஞர், கையுறை போட்ட கையால் முதுகைச் சொறிந்தார், மூக்கைத் தேய்த்தார், போன் வந்தது, எடுத்துப் பேசினார், வைத்துவிட்டு அதே கையை மாவுக்குள் விட்டார். கையுறை அவர் கையை மாவிலிருந்து காப்பாற்றியது. மாவை எதிலிருந்தும் காப்பாற்றவில்லை. நான்தான் ஆக்னஸின் தோளைத் தொட்டுக் காட்டினேன்.

பின்கட்டு இன்னும் மோசம். அரிசி ஊறும் நீல டிரம்களுக்கு நடுவே சாக்கடை வாய். யாரோ வாளித் தண்ணீரைக் கொட்ட, உள்ளே போன தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கறுப்பாகத் திரும்பி வந்து டிரம்மின் அடியை நனைத்தது. மூலையில் கடைகளிலிருந்து திரும்பி வந்த பழைய பாக்கெட்டுகள், உப்பி, வெடிக்கிற மாதிரி. ஒரு பெண் அவற்றைக் கத்தரியால் வெட்டிப் புது மாவில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கத்தரியை முந்தானைக்குள் மறைத்தாள், பாக்கெட்டை மறைக்கவில்லை. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது: செத்த எலியும் மோரும் சேர்ந்த மாதிரி.

பதினைந்து நாளில் சரிசெய்யும்படி ஆக்னஸ் நோட்டீஸ் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். வேறு ஒன்றும் நான் எழுதவில்லை, அவரே எல்லாம் எழுதியிருந்தார்.

ஒன்று மட்டும் ஆறுதல். நம் வீட்டில் இந்தக் கம்பெனி மாவு வாங்குவதில்லை. பகவதிக்கு மணிக்கட்டு வலி வந்து அரைப்பதை நிறுத்தியதிலிருந்து, அண்ணாச்சி கடையில் நீல நூலால் கட்டி வருகிற மாவுதான். பெயர் கிடையாது, படம் கிடையாது, அந்த நீல நூல் ஒன்றுதான் அடையாளம். இட்லி பூப்போல வரும். யார் அரைக்கிறார்கள் என்று கேட்டதில்லை. விடியுமுன் குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குள் நுழையும் ஓர் அம்மாளாக இருக்கும். மாவின் பக்குவமே சொல்கிறது.

இரவு நான்கு இட்லி. "உலகத்தில் இது ஒண்ணையாவது நம்பித் திங்க முடியுதே" என்றேன். பகவதி சட்னிக் கிண்ணத்தை நகர்த்தினாள்.

ஜூன் 12, வியாழன்

இன்று வீடுகள். வடகம் போடும் வீடு, ஊறுகாய் போடும் வீடு, அப்புறம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று.

உடம்பு சரியில்லை. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

கேட்டைத் தாண்டி நகராட்சிப் பணியாளர் குடியிருப்பு. ஒரே வரிசையாக வீடுகள். மூன்றாம் வீட்டு வாசலில் மாரிச்செல்வம் நின்றிருந்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அந்தக் கோலத்தில் அவனை நான் பார்த்ததே இல்லை. முதலில் யாரென்று தெரியவில்லை.

"சாரா! மேடம் ஒரு சாட்சி வருவாங்கன்னாங்க. நம்ம சார்னு தெரியாதுல்லா! ஏ காளீஸ்வரி, சார் வந்திருக்காங்க பாரு, காப்பி வீட்டு சார்!"

எங்களை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

உள்ளே அவன் மனைவி பெரிய பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து மாவு கலந்துகொண்டிருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் மாவுக்குள் இருந்தது. அடியிலிருந்து அள்ளி மேலே கொண்டுவந்து, மறுபடி அடிக்கு. பக்கத்தில் கட்டி முடித்த பாக்கெட்டுகள். ஜன்னல் கட்டையில் நூல்கண்டு.

நீல நூல்.

ஆக்னஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிமெண்டுத் தரை கழுவித் துடைத்திருந்தது. பாத்திரங்கள் கவிழ்த்து, மேலே வெள்ளைத் துணி. கிரைண்டருக்கு அடியில் கை விட்டுப் பார்த்தார், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. குடிதண்ணீர் மொள்ள நீண்ட கைப்பிடிக் கரண்டி தனியாக. "இந்த மாசத்துல பாத்ததுலயே இதான் சார் சுத்தமான இடம்" என்றார் என்னிடம், ரகசியமாகக்கூட அல்ல. "பதிவுச் சான்று குடுத்துடலாம். அடுத்த மாசத்திலேர்ந்து சான்று இல்லாத மாவைக் கடையில வைக்க விடமாட்டோம்."

"அது வந்துட்டாப் போதும் மேடம்" என்றாள் காளீஸ்வரி. "இது நின்னுதுன்னா நானும் இவுக கூட வாய்க்காலுக்குத்தான் போகணும். எங்க மாமியா போனாங்க, எங்க அம்மா போனாங்க. நான் போகக்கூடாதுன்னுதான் கிரைண்டரே வாங்கினது."

மாரிச்செல்வம் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். காப்பி வந்தது. "இப்பத்தான் குடிச்சேன்" என்றேன். தண்ணீராவது என்றான். "தாகமில்லை" என்றேன். வெளியே அப்படி ஒரு வெயில்.

சாட்சிக் குறிப்பு எழுதும் இடத்தில், 'கையுறை இன்றி வெறுங்கையால் மாவு கலக்கப்படுகிறது. இது சுகாதாரக் கேடு' என்று எழுதினேன். ஆக்னஸ் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். இது ஒரு நியாயமான குறிப்பு. கையில் எத்தனை ஆயிரம் நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்று எந்தப் பாடப்புத்தகத்தைப் புரட்டினாலும் தெரியும். நான் யாருடைய வீட்டிலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

திரும்பும் வழியில், கேட் பக்கத்தில், வாந்தி எடுத்தேன். வெயில்.

ஜூன் 14, சனி

காலையில் இட்லித் தட்டைத் தள்ளிவைத்தேன். பகவதி எதிரில் உட்கார்ந்தாள்.

"கேட்டுக்கு அந்தப் பக்கம் போனீங்களாக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாவு யார் அரைக்கான்னு எனக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியும். அண்ணாச்சிதான் சொன்னாரு. சொல்லிட்டு, சார்ட்ட சொல்லிடாதீங்கன்னாரு."

"என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா தின்னிருப்பீங்களா?"

"இது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் பகவதி. வெறுங்கையால்…"

"நான் எதால கலக்கினேன்? முப்பது வருசம் இந்தக் கையாலதான் கலக்கினேன். கை படலேன்னா மாவு பொங்காதுன்னு எங்க அம்மா சொல்லுவா. அன்னைக்கெல்லாம் கையுறை வாங்கித் தந்தீங்களாக்கும்?"

நான் அவளுக்கு நுண்ணுயிர் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய், அந்த இட்லிகளை நின்றுகொண்டே, அடுப்படியில் சாப்பிட்டாள். எனக்குக் கேட்கும்படி.

ஜூன் 15, ஞாயிறு

காலை: ரொட்டி. இரவு: ரொட்டி.

ஜூன் 17, செவ்வாய்

அண்ணாச்சி கடையில் நீல நூல் மாவு இல்லை. அது இருந்த இடத்தில் கம்பெனி பாக்கெட், மேலே சிரிக்கிற குழந்தை படம் போட்டது.

"நிறுத்திட்டேன் சார்" என்றார், தராசைத் துடைத்துக்கொண்டே. "சாரு எழுதினதை ஆபீசுல யாரோ சொல்லி, சாருக்கே பிடிக்கலன்னு தெருவுல எல்லாரும் பேசுதாங்க. உங்க பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்குல்லா. கீழ ரத வீதிக் கடையிலயும் நிறுத்திட்டாங்களாம்."

"நான் கையுறை என்று மட்டும்தானே எழுதினேன்?"

"ஆமா சார், கையுறைதான்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற தாசில்தார், "நல்ல வேளை சார் போய்ப் பாத்தீங்க. நாமளும் இத்தன நாளா தெரியாம…" என்று ஆரம்பித்து, முகத்தைச் சுளித்து, என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. பல்லியைத் தோளில் விட்டது மாதிரி இருந்தது.

அந்தக் கம்பெனியில் நான் பார்த்ததை அவரிடம் சொன்னேன். சாக்கடை வாய், உப்பிய பாக்கெட், எல்லாம். பொறுமையாகக் கேட்டார். "பரவால்ல சார், அவங்க மெஷின்ல பண்ணுதாங்க" என்று சொல்லி இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

ஜூன் 20, வெள்ளி

மாரிச்செல்வம் இன்று வாய்க்கால் அள்ள வந்தான். நான் வாசலுக்குப் போகாமல் இருந்திருக்கலாம்.

"சார், காளீஸ்வரி கையுறை வாங்கிட்டா" என்றான். கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு நாள் போட்டுக் கலக்கிப் பாத்தா. மாவு கல்லு மாதிரி கிடக்கு, ரப்பர் வாடை வேற. ரெண்டு நாள் மாவையும் நாங்களே தோசை ஊத்தித் தின்னோம். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல ரப்பர் தோசைன்னு சொல்லிச் சிரிக்குதாம்."

"பழகப் பழக வந்துவிடும்" என்றேன்.

அவன் குனிந்து வாய்க்காலுக்குள் கையை விட்டான். தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கழிவும் அங்கேதான் போகிறது, எங்கள் வீட்டுக் குழாய் உட்பட. தலைமுடிக் கற்றை, குழந்தைகளின் டயப்பர், ஊசிப்போன சோறு, பெயர் சொல்ல முடியாதவை. தோள் வரை விட்டு, எதையோ பிடித்து இழுத்து, வெளியே போட்டான். பிறகு இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினான். கறுப்பாகச் சொட்டியது. நகக்கண்ணில் ஒரு வெட்டு, அதில் சகதி.

"சார், எனக்கும் ஒண்ணு எழுதித் தருவீங்களா?"

"என்ன?"

"கையுறை இல்லாம வாய்க்கால் அள்ளுதான், இது சுகாதாரக் கேடுன்னு. நாங்க கேட்டா ஆபீசுல தர மாட்டேங்காங்க. நீங்க எழுதினா எல்லாரும் கேக்காங்கல்லா?"

சிரித்தான். எனக்குச் சாக்பீஸ் தூள் தடவிய பையனின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் மதில்மேல் காப்பி வைத்திருக்கிறேன், அந்தக் கைகளில் என்ன இருக்கிறது, அவை வீட்டுக்குப் போய் எதைத் தொடும், அவனுக்கு என்ன ஆகும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவை எதைத் தொட்டுவிட்டு மாவு வழியாக நம் வீட்டுக்குள் வந்தன என்று மட்டும் கேட்டிருக்கிறேன், ஜூன் 12ஆம் தேதி.

காப்பியைப் பகவதி கொண்டுவந்தாள். குடித்தான். தம்ளரைக் கழுவி அவனே மதில்மேல் கவிழ்த்தான், வழக்கம்போல.

ஜூன் 22, ஞாயிறு

பகவதி கம்பெனி மாவில் இட்லி அவித்தாள். மூடியைத் திறந்ததும் அந்த வாடை. எனக்குத் தெரிந்ததால்தான் அது வாடை, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறாள். ஒரு வாய் வைத்தேன். கத்தரி, முந்தானை, வெட்டிய பாக்கெட். எழுந்து போய்த் துப்பினேன்.

மாலையில் அவள் அரிசியை ஊறப்போட்டு, வலியோடு அரைத்து, கையால் கலந்தாள். மணிக்கட்டில் துணியைச் சுற்றியிருந்தாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அது என்னென்ன தொட்டிருக்கும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அருவருப்பு வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஆக்னஸ் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். மாவுக் கம்பெனியில கையுறை போட்ட கையால ஒருத்தர் முதுகு சொறிஞ்சாரு. எனக்குக் காட்டினதே நீங்கதான். சாட்சிக் குறிப்புல அதை நீங்க எழுதல."

"நீங்களே நோட்டீஸ் கொடுத்தீர்கள்."

"வடகம் போட்ட வீட்டுலயும் அந்தம்மா கையாலதான் பிழிஞ்சாங்க. ஊறுகாய் வீட்டுல கையை விட்டுத்தான் மிளகாய்ப்பொடி கலந்தாங்க. அங்கயும் எழுதல. ஒரு தம்ளர் மோர் வாங்கிக் குடிச்சீங்க."

வடகம் வீடும் ஊறுகாய் வீடும் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான்.

"சட்டத்துல கை சுத்தமா இருக்கணும்னுதான் சார் முக்கியம். அந்தப் பொண்ணு மறுபடி மாவுல கை வைக்கறதுக்கு முன்னாடி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுனதை நீங்களும் பாத்தீங்க. ஆனா நீங்க எழுதினதை நான் அடிக்க முடியாது, அது இருக்கற வரைக்கும் சான்றும் குடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை மறுபடி போறேன். நீங்க வரீங்களா, வேற ஆளைக் கூப்பிடட்டுமா?"

அவர் போன பிறகு பகவதி கேட்டாள், "என்ன சொன்னீங்க?"

"யோசித்துச் சொல்கிறேன் என்றேன்."

"யோசிங்க, யோசிங்க" என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

போனேன்.

மாரிச்செல்வம் வேலைக்குப் போயிருந்தார். காளீஸ்வரி தனியாக இருந்தாள். கடைகள் நிறுத்திய பிறகு பாத்திரம் சிறியதாகிவிட்டது. அக்கம்பக்கத்துக்கு மட்டும் அரைக்கிறாள். எங்களைக் கண்டதும் எழுந்து, குழாயடியில் நின்று, சோப்பு நுரைக்க நுரைக்க முழங்கை வரை கழுவினாள். நிதானமாக, என்னைப் பார்த்துக்கொண்டே. பிறகு ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"போடணுமா சார், வேண்டாமா?"

"வேண்டாம்மா" என்றேன்.

ஆக்னஸ் தாளை நீட்டினார். 'முன்னர் எழுதிய ஆட்சேபணையைத் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதினேன். கீழே 'காரணம்' என்று ஒரு கோடு. அங்கே பேனா நின்றுவிட்டது. 'கைகள் சுத்தமாக இருந்ததால்' என்று எழுதலாம். ஆனால் அன்றும் சுத்தமாகத்தான் இருந்தன. 'மறுபரிசீலனையின் பேரில்' என்று எழுதலாம். அலுவலகங்களில் அப்படித்தான் எழுதுவார்கள். கடைசியில் எழுதினேன்: 'என் ஆட்சேபணைக்குச் சுகாதாரக் காரணம் எதுவும் இல்லை.'

ஆக்னஸ் படித்துவிட்டுக் காளீஸ்வரியிடம் கொடுத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, உதடு அசைய, கடைசி வரை படித்தாள்.

"அப்பம் வேற என்ன காரணம் சார்?"

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாடம் நடத்திய காலத்தில், பதில் தெரிந்தும் சொல்லாமல் நிற்கிற பையனைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். காதுமடல் சிவந்துவிடும். என் காது எப்படி இருந்ததோ.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாம்மா" என்றேன்.

அவள் தாளை ஆக்னஸிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு போய், கவிழ்த்திருந்த செம்பை நிமிர்த்தி, தண்ணீர் மொண்டு கொண்டுவந்து தந்தாள். நல்ல தண்ணீர், குளிர்ந்திருந்தது. முதல் மடக்கை வாயிலேயே வைத்திருந்தேன். பிறகு விழுங்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பு முழுவதையும் குடித்து முடிக்க வெகு நேரமாகிவிட்டது.

அதையும் அவள் பார்த்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை கேட்டு நகராட்சியில் மனு கொடுத்தேன். "டெண்டர்ல இருக்கு சார்" என்றார்கள்.

ஜூலை 4, வெள்ளி

காளீஸ்வரிக்குச் சான்று வந்துவிட்டது. அண்ணாச்சிதான் சொன்னார். நான் உடனே, கடையில் ஆள் நிறைய இருந்த நேரம், சத்தமாகக் கேட்டேன்: "அண்ணாச்சி, நீல நூல் மாவு ரெண்டு பாக்கெட் குடுங்க." தாசில்தார் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்றுதான் கேட்டேன்.

"வராது சார்" என்றார் அண்ணாச்சி. "நானே போய்க் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி நர்சுங்க ஹாஸ்டலுக்கு மொத்தமா குடுக்காளாம். இங்க இருந்ததை விட ஜாஸ்தி வியாபாரம். பழைய பழக்கத்துக்கு நம்ம கடைக்கும் கொஞ்சம் போடுன்னேன். 'அந்தத் தெருவுக்கு எங்க கை ஆகாது அண்ணாச்சி'ன்னுட்டா."

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். நோட்டீஸ் கெடு முடிந்தும் அடுக்கில் இருந்த கம்பெனி பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். பகவதிக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. இனி அரைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

மாரிச்செல்வம் வந்திருந்தார். பகவதிக்கு முன்னால் நான் எழுந்து, நாங்கள் குடிக்கிற தம்ளரில் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, காப்பி ஊற்றி, கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே போனேன்.

"உள்ளே வாங்க, உக்காந்து குடிக்கலாம்."

அவர் வாய்க்காலுக்குள் முழங்கால் அளவில் நின்றிருந்தார். தலையை நிமிர்த்தித் தம்ளரைப் பார்த்தார், திறந்த கேட்டைப் பார்த்தார்.

"வேண்டாம் சார். கை கழுவல."

"தண்ணி ஊத்தறேன், கழுவிக்கிடுங்க."

"கழுவினாலும் கையுறை இல்லல்லா சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார், எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்புத்தான். குனிந்து, கையை உள்ளே விட்டு, வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் தெருவில் நின்றேன். காப்பியில் ஏடு படிந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ நின்றார்கள். தம்ளரை மதில்மேல் வைக்கக் கையைத் தூக்கினேன். வைக்காமல் உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

பகவதி இட்லி அவித்திருந்தாள், அந்தக் கம்பெனி மாவில். மூடியைத் திறந்ததும் செத்த எலியும் மோரும்.

நான்கு சாப்பிட்டேன்.